இருண்ட இரண்டு குழிகள்

லெங்க்ரீஸ்
13 மார்ச் 2017

மதிப்பிற்குரிய பேராசிரியர் ரோஸ்வித்தா அக்லைட்னர் அவர்களுக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று மாலையே உங்கள் ஆய்வுக்கூடம் என் மின்னஞ்சலைத் துண்டித்துவிட்டது. முப்பத்தாறு வருடம் பட்டறைக்குத் தலைவனாக இருந்தவனுக்கு ஒரு வாரம்கூடத் தவணை தரவில்லை. தொலைபேசியில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

கடந்த வியாழக்கிழமை நடந்ததை எழுத்தில் வைத்துவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒன்றைக் கண்டால் ஒரு பாட்டில் திறப்போம், லேபிளில் எல்லாரும் கையெழுத்துப் போடுவோம், காலி பாட்டில் அலமாரிக்குப் போகும். அந்த அலமாரியில் முப்பத்தொன்பது பாட்டில்கள் நிற்கின்றன. முப்பத்தொன்பதிலும் என் கையெழுத்து உண்டு. ஓய்வுக்குப் பிறகும் ஒவ்வொரு வியாழனும் ரயில் ஏறி வந்து போட்டிருக்கிறேன். நாற்பதாவதில் போடவில்லை. போடவும் மாட்டேன்.

லேபிளில் "இணைந்த வெற்றிடங்களின் நிலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு நிலையை நீங்கள் பார்க்கவில்லை.

பார்த்தது என்ன? லேசர் ஒளியால் ஒரே வரிசையில் பன்னிரண்டு குழிகள். குழிக்கு ஒரு ருபீடியம் அணு. படம் எடுத்தால் பன்னிரண்டு வெளிச்சப் புள்ளிகள் வர வேண்டும். உங்கள் படங்கள் பலவற்றில் அடுத்தடுத்த இரண்டு குழிகள் இருண்டு கிடக்கின்றன. இருட்டு எப்போதும் ஜோடியாகவே வருகிறது. ஆகவே வெற்றிடங்கள் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

ஒரு குழியில் இரண்டு அணுக்கள் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும். படம் எடுக்கும் ஒளி பட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிடும். கேமரா பார்க்கும்போது அந்தக் குழியும் இருட்டு. ஆளே இல்லாத குழியும் இருட்டு. உங்கள் ஜோடியில் ஒன்றுதான் காலி. அங்கிருந்தவன் பக்கத்துக் குழியில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இதைத்தான் அன்று பீர்க் கடையில், நம் வழக்கமான வியாழக்கிழமை மேஜையில் சொன்னேன்.

அதற்கு உங்கள் கோட்பாட்டுக் கணக்குகளைப் போடும் டாக்டர் லுட்கர் ப்ராண்டிஸ், பீரில் எலுமிச்சை சோடா கலந்து குடிக்கும் அந்த மனிதர், என்ன சொன்னார்? "ஹாஸ்ல்பெக் சார், நீங்க செப்புக் கம்பிய எடுத்துக் காயில் சுத்துங்க. சமன்பாட்ட நாங்க பாத்துக்கறோம்."

அதற்கு நீங்கள் சிரித்தீர்கள்.

1994இல் கை கோத்து பீர் குடித்து, இனி நமக்குள் "நீ" என்று முடிவு செய்தோம். அந்த "நீ"யை இத்துடன் திரும்பப் பெறுகிறேன்.

கொர்பினியான் ஹாஸ்ல்பெக்


கார்ஹிங்
18 மார்ச் 2017

அன்புள்ள கொர்பினியான்,

நீ திரும்பப் பெறலாம். என்னுடையதை நான் தருவதாக இல்லை.

சிரித்தேன். மூன்றாவது கோப்பை ஷாம்பெயின். லுட்கர் சொன்னதற்குச் சிரித்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன். நீ பீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். இருபத்து மூன்று வருடத்தில் நீ பாதி பீரை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. மன்னித்துவிடு. இது சிரிப்புக்கு மட்டும்.

அணு விஷயத்தில் மன்னிப்பு கேட்க எனக்குக் காரணம் இல்லை. இரண்டு அணுக்கள் ஒரே குழியில் இருப்பதற்கு விலை உண்டு. அவை ஒன்றையொன்று விலக்கும். குழிகளை நாங்கள் அவ்வளவு ஆழமாக்கியதே, ஒருத்தரும் அடுத்தவர் குழிக்குப் போகாமல் எல்லாரும் அவரவர் இடத்தில் உறைந்து நிற்க வேண்டும் என்றுதான். லுட்கரின் கணக்குப்படி நீ சொல்லும் தாவல் நூற்றில் ஒரு தடவை நடக்கலாம். நாங்கள் பார்ப்பதோ ஆறில் ஒன்று. அவ்வளவு பேர் எதற்கு விலை கொடுத்து அடுத்தவர் மடியில் உட்காருகிறார்கள்?

மே 22 அன்று ட்ரியெஸ்ட் மாநாட்டில் இதை அறிவிக்கிறேன். எனக்கு அறுபத்தொன்று. இந்தத் துறையில் முப்பது வருடமாக மற்றவர்கள் கண்டதைச் சுத்தமாக அளந்து கொடுத்திருக்கிறேன். முதல் முறையாக நானே ஒன்றைக் கண்டிருக்கிறேன். உன் கையெழுத்து இல்லாமல் அந்த பாட்டில் எனக்கு அரைகுறையாகத் தெரிகிறது.

நேற்று முன்தினம் லுட்கர் தெரியாமல் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பரிமாறும் வால்ட்ராவுட் வந்து, "அது ஹாஸ்ல்பெக் எடம். எந்திரிங்க" என்றாள். "அவர்தான் வர்றதில்லையே" என்றார் இவர். "வரலன்னா என்ன, எடம் வந்துருக்குல்ல" என்றாள். எழுந்துவிட்டார். உன் பீர்க் குவளை கொக்கியில் தொங்குகிறது. வா.

ரோஸ்வித்தா


லெங்க்ரீஸ்
23 மார்ச் 2017

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வால்ட்ராவுட்டுக்கு என் வணக்கம். அந்த மேஜையில் புத்தியுள்ளவர் அவர் ஒருவர்தான்.

லுட்கரின் கணக்கு சரியாக இருக்கும். அவர் கணக்குப் போட்ட வரிசை உங்கள் ஆய்வுக்கூட மேஜையில் இருக்கும் வரிசைதானா என்பது என் கேள்வி. காகிதத்தில் இருக்கும் குழிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும். என் அனுபவத்தில் உலகத்தில் எதுவும் ஒரே மட்டத்தில் இருந்ததில்லை.

நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். குவாண்டம் இயற்பியலைச் சுரங்க ரயிலில் நின்றுகொண்டு படித்தேன். வீட்டிலிருந்து பட்டறைக்கு நாற்பது நிமிடம், திரும்ப நாற்பது நிமிடம், பதினோரு வருடம். உட்கார இடம் கிடைத்த நாளில் பென்சிலும் எடுப்பேன். யாரும் எனக்குத் தேர்வு வைத்ததில்லை. அதனால் தேர்வுக்கு எது வரும் என்று பார்த்துப் படிக்கும் பழக்கமும் எனக்கு இல்லை.

சோதிக்க வழி இருக்கிறது. படம் எடுப்பதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்பு, ஒவ்வொரு குழியின் பக்கச் சுவரையும் திறந்துவிடுங்கள். ஒரு குழி பக்கவாட்டில் இரண்டாகட்டும். தனியாள் எதிலாவது ஒன்றில் இருப்பான். இருவராக இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்துகொள்வார்கள். பிறகு படம் எடுங்கள். இரண்டு புள்ளி தெரிந்தால் அங்கே இரண்டு பேர். ஒன்றும் தெரியாவிட்டால் நிஜமாகவே காலி.

அதற்கு வேண்டிய லேசர் உங்களிடம் உண்டு. மேஜையின் இடப்பக்கத்துக் கண்ணாடி, நீலத் திருகு, கடிகாரத் திசையில் கால் சுற்று. நான்தான் அந்தத் திருகுக்கு நீலம் அடித்தேன்.

கொ. ஹாஸ்ல்பெக்


கார்ஹிங்
30 மார்ச் 2017

கொர்பினியான்,

நீலத் திருகைத் தொட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். மொத்த ஒளியும் இடம் மாறும். போன முறை பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. ட்ரியெஸ்ட்டுக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. கட்டுரை எழுதியாகிவிட்டது, படங்கள் அச்சுக்குத் தயார். மேஜையைக் கலைத்து, அப்புறம் அந்த ஜோடிகள் திரும்ப வரவே இல்லை என்றால்?

உன் யோசனையை லுட்கரிடம் சொன்னேன். "அவருக்குப் பொழுது போகல, நமக்குப் பொழுதே இல்ல" என்றார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

முடியாது. கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்வாய் என்று தெரியும்.

ரோ.


லெங்க்ரீஸ்
3 ஏப்ரல் 2017

பேராசிரியர் அவர்களுக்கு,

ட்ரியெஸ்ட்டில் நீங்கள் பேசி முடித்ததும் மூன்றாவது வரிசையில் ஒருவர் கை தூக்குவார். எப்போதும் ஒருவர் இருப்பார். நான் கேட்டதையே கேட்பார். நான் லெங்க்ரீஸில் கேட்டேன், உங்களுக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரியும். அவர் முந்நூறு பேர் முன்னால் கேட்பார்.

இத்துடன் பீர்க் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டைகள் ஐந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முகப்பிலும் பன்னிரண்டு குழிகள் வரைந்திருக்கிறேன், இரண்டு இருட்டு. பின்பக்கம் என் மனதில் நினைத்த உண்மை இருக்கிறது: சிலதில் இரண்டும் காலி, சிலதில் ஒன்று காலி, மற்றதில் இருவர். டாக்டர் ப்ராண்டிஸிடம் முகப்பை மட்டும் காட்டி, எது எது என்று கேளுங்கள். ஐந்தும் சரியாகச் சொன்னால் நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன். அவர் எலுமிச்சைச் சோடாவையும் நானே வாங்கித் தருகிறேன்.

என் தங்கை க்ரெஸென்ஸ் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அந்தம்மா பாவம், விடேன்" என்கிறாள். விட முடியாது. அந்தம்மா பாவமாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கொ. ஹா.


கார்ஹிங்
24 ஏப்ரல் 2017

அன்புள்ள கொர்பினியான்,

லுட்கர் ஐந்தில் இரண்டு சரியாகச் சொன்னார். மூன்றாவது அட்டையைத் திருப்பிப் பார்த்ததும், "இது ஏமாத்து வேல, ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு" என்றார். பிறகு அந்த அட்டைகளைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நீ திரும்பக் கேட்டாலும் தரமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போனார்கள். கட்டடம் காலி. காலை ஒன்பது மணிக்கு நான் மட்டும் உள்ளே போனேன். ஒரு பிரெட்செல் ரொட்டி தின்றேன். உன் மேல் வந்த கோபம் தீரும்வரை மேஜையைச் சுற்றி நடந்தேன். பிறகு நீலத் திருகைக் கால் சுற்று திருப்பினேன்.

ஒளி இடம் மாறவே இல்லை. நீ அந்தத் திருகுக்கு அடியில், கால் சுற்றோடு அது நிற்கும்படி, ஒரு தடுப்பு வைத்திருக்கிறாய். எப்போது வைத்தாய், ஏன் சொல்லவில்லை?

நான்கு நாளில் 214 இருண்ட ஜோடிகள். சுவரைத் திறந்து பார்த்தேன். அதில் 209 ஜோடிகளில் ஒரு குழி காலி, அடுத்ததில் இரண்டு அணுக்கள். நீ சொன்னபடியே, பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன.

சனிக்கிழமை மதியம் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து என் மேஜைக்கு அடியில் வைத்தேன். திங்கள் காலை ட்ரியெஸ்ட்டுக்கு எழுதித் தலைப்பைத் திரும்பப் பெற்றேன். கொஞ்சம் அழுதேன், அதிகம் இல்லை. அந்த மூன்றாவது வரிசை மனிதர் என் கனவில் வந்து கை தூக்கினார். நான் அவருக்கு பதில் சொன்னேன். நன்றாகத் தூங்கினேன்.

நீ சொன்னது சரி. இந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. 209 ஜோடிகளிலும் இரண்டு பேர் இருந்தது இடது குழி. ஒரு தடவைகூட வலது குழி இல்லை. தானாகத் தாவுபவன் இடமும் வலமும் மாறி மாறித்தானே தாவ வேண்டும்? இப்போது எனக்கு மே 22இல் பேச ஒன்றும் இல்லை. இடது பக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது.

ரோஸ்வித்தா


லெங்க்ரீஸ்
27 ஏப்ரல் 2017

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

சட்டம் போட்டாயிற்று. சமையலறையில், ரேடியோவுக்கு மேலே. தங்கை அதைப் பார்த்து, "இனிமே ஒங்கிட்ட பேசவே முடியாது" என்றாள். இதற்கு முன்பும் முடியாது என்று அவளுக்கு நினைவூட்டினேன்.

திருகுக்குத் தடுப்பு வைத்தது 2008இல், மூன்று வாரம் வீணான அந்தத் தடவைக்குப் பிறகு. நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

இடது பக்கத்துக்கு பதில் எளிது. வரிசை சாய்ந்திருக்கிறது. நாம் கண்ணால் பார்க்கும் சாய்வு இல்லை, அணு உணரும் சாய்வு. இடப்பக்கம் ஒவ்வொரு குழியும் ஒரு படி கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி இறங்கினால் அணுவுக்கு லாபம். அடுத்தவனோடு ஒரே குழியில் நெருக்கிக்கொள்வதற்கு விலை. லாபமும் விலையும் சமமாகிவிட்டால் தாவ அஞ்ச வேண்டியதே இல்லை. நூற்றில் ஒன்று ஆறில் ஒன்றாகும். எல்லாரும் இடப்பக்கமே தாவுவார்கள். ஒற்றை வரிசை, ஒதுங்கிப் போகவும் வழியில்லை.

உங்கள் மேஜையில் யாரோ ஒருவர் ஒழுங்காக வேலை செய்யவில்லை. சாய்வை உண்டாக்கும் பொருள் எது என்று தேடுங்கள். காந்தமாக இருக்கும். கண்டுபிடித்ததும் அந்த ஆளின் பெயரை எனக்கு எழுதுங்கள். நான் அவருக்கு ஒரு கடிதம் எழுத விரும்புகிறேன்.

கொர்பினியான் ஹாஸ்ல்பெக்


கார்ஹிங்
8 மே 2017

அன்புள்ள கொர்பினியான்,

தேடினோம். நீ சொன்னபடி காந்தம்தான். அணுக்களுக்கு இரு பக்கமும் இருக்கும் இரண்டு பெரிய காயில்களில் முன்பெல்லாம் கொஞ்சம்தான் மின்னோட்டம் விடுவோம். இந்தச் சோதனைக்காகத்தான் முதல் முறையாக நூறு ஆம்பியர் விட்டோம். இரண்டும் சமமாக இருந்தால் சாய்வு வராது. வந்தது.

வியாழக்கிழமை மூடியைக் கழற்றி எண்ணினோம். வலது காயிலில் முப்பது சுற்று. இடது காயிலில் இருபத்தொன்பது.

பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "சுற்றியவர் கொ. ஹாஸ்ல்பெக், நவம்பர் 2003. சரிபார்த்தவர் கொ. ஹாஸ்ல்பெக்."

நீ கேட்டபடி பெயரை எழுதிவிட்டேன். கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்புவாய்?

ரோஸ்வித்தா


லெங்க்ரீஸ்
10 மே 2017

ரோஸ்வித்தா,

உனக்கு எண்ணத் தெரியாது. உன் ஆட்களுக்கும் தெரியாது. அடியில் முதல் சுற்று பசைக்குள் மறைந்திருக்கும். நான் முப்பது என்றால் முப்பது. நாற்பது வருடத்தில் நான் சுற்றிய காயில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணு. லுட்கரை எண்ண விடாதே.

கொ.


கார்ஹிங்
12 மே 2017

என் அன்புள்ள கொர்பினியான்,

"உனக்கு", "உன் ஆட்களுக்கு", "எண்ணு", "விடாதே". நான்கு தடவை. நான் எடுத்துக்கொண்டுவிட்டேன், இனித் திருப்பித் தர முடியாது.

துடைத்தோம். ஏழு பேர் தனித்தனியாக எண்ணினோம். லுட்கர் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "இருபத்தொம்பதுதான்" என்று சொல்லிவிட்டு, "ஆனா ரொம்ப அழகா சுத்தியிருக்கார், மனுஷன்" என்றார். அவர் யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. அன்று மாலை சோடா கலக்காமல் ஒரு முழு பீர் குடித்தார். வருத்தத்தாலா மரியாதையாலா என்று தெரியவில்லை.

இப்போது இதைக் கேள். சாய்வைச் சரி செய்யவில்லை. மின்னோட்டத்தை இன்னும் துளித் துளியாக ஏற்றினேன். இருட்டு ஜோடிகள் பெருகிக்கொண்டே போயின. ஓர் இடத்தில் படம் முழுக்க இருட்டு. பன்னிரண்டு குழியும். மார்ச் மாதத்து ரோஸ்வித்தா அதைப் பார்த்திருந்தால் "அணு எல்லாம் ஓடிப்போச்சு" என்று இயந்திரத்தை நிறுத்தியிருப்பாள். நான் நீலத் திருகைத் திருப்பிச் சுவரைத் திறந்தேன். இரண்டு, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம் என்று கடைசி வரை. ஒரு அணுகூட ஓடவில்லை. ஒன்றுவிட்டு ஒன்று இடப்பக்கம் இறங்கி, எல்லாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள்.

இது புதிய நிலை இல்லை. சாய்ந்த வரிசையில் இப்படி ஆகும் என்று வேறு இடத்தில் சில வருடம் முன்பே பார்த்துவிட்டார்கள். எனக்கு அது பற்றிக் கவலை இல்லை. ட்ரியெஸ்ட்டுக்கு ஒரு புதிய தலைப்பு கொடுத்துவிட்டேன், ஏற்றுக்கொண்டார்கள்: எப்படி ஏமாந்தோம், எப்படித் தெரிந்துகொண்டோம். முதலில் அந்த முழு இருட்டுப் படத்தைப் போட்டு, இதில் எத்தனை அணு இருக்கிறது என்று மூன்றாவது வரிசையைப் பார்த்து நானே கேட்பேன்.

கட்டுரையில் உன் பெயர் வருகிறது. நன்றி சொல்லும் இடத்தில் இல்லை, எழுதியவர்கள் வரிசையில்: அக்லைட்னர், ப்ராண்டிஸ், ஹாஸ்ல்பெக்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த முப்பதாவது சுற்றுக்கு என்னதான் ஆயிற்று?

உன்
ரோஸ்வித்தா


லெங்க்ரீஸ்
16 மே 2017

ரோஸ்வித்தா,

உன் கேள்விக்காக இல்லை, வேறு ஒன்றைத் தேடும்போது 2003ஆம் வருட நோட்டு கைக்கு வந்தது. நவம்பர் 6. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு கட்டு. ஐந்து கட்டு இருக்கிறது. ஆறாவதில் நான்கு கோடு. அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்தில்: "கதவில் ரோஸ்வித்தா. அணுக்கள் உறைந்துவிட்டனவாம். பாட்டில். மிச்சம் நாளை."

அது நம் முதல் பாட்டில். நீ பட்டறைக் கதவைத் திறந்து, "காயில அப்பறம் சுத்தலாம், வா மனுஷா, வந்துருச்சு" என்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். மறுநாள் காலை வந்தபோது தலை கனத்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பசை பூசினேன்.

ஆக, தவறு யாருடையது என்பது எழுத்தில் இருக்கிறது. உன் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. என் பெயர் அங்கே இல்லை.

எழுதியவர் வரிசையில் என் பெயர் ப்ராண்டிஸுக்குப் பின்னால் வருவதை அகரவரிசை என்று சொல்வாய். ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் பிடிக்கவில்லை என்று குறித்து வைத்துக்கொள். அவர் பல்குத்தும் குச்சியால் எண்ணியது சரியான முறை. அதை அவரிடம் சொல்லலாம், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

வியாழக்கிழமை வருகிறேன். பாட்டிலை உன் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து வை. லேபிளில் இருப்பதை அடித்துவிட்டு "29" என்று மட்டும் எழுது. அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன். காயிலைச் சரி செய்ய நினைக்காதே. முப்பது சுற்று சுற்றியிருந்தால் நீ இதில் எதையும் பார்த்திருக்க மாட்டாய். வால்ட்ராவுட்டிடம் சொல், அன்று பாதியில் வைத்த பீரை நான் மறக்கவில்லை, முழுதாகத்தான் வேண்டும்.

இன்னொன்று. பனிப் புனிதர்களின் நாட்கள் நேற்றோடு முடிந்தன. இனி உறைபனி விழாது என்று க்ரெஸென்ஸ் இன்று தக்காளி நாற்றுகளை வெளியே நட்டாள். நான் கம்பு ஊன்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் முதல் செடியைக் கம்போடு சேர்த்து அவள் ஒரு செப்புக் கம்பியால்தான் கட்டுவாள். நல்ல தடிமனான, வளைந்த கம்பி. "இது ஏது ஒனக்கு?" என்று கேட்டேன்.

"நீதான் குடுத்த. பட்டறையில அளந்து வெட்டினதுல மிஞ்சிப் போச்சுன்னு. பதிமூணு வருஷமா இதுதான் கட்டுது" என்றாள்.

அளந்து பார்த்தேன். சரியாக ஒரு சுற்று.

வியாழக்கிழமை அதை எடுத்து வரச் சொல்லாதே. செடி விழுந்துவிடும்.

கொர்பினியான்